இமயத்தின் ஈர்ப்பும் பரங்கிமலை அடிக்கோடும்

பூகோள சாஸ்திரத்தின் முடிவுகள் எத்தேசத்தார்க்கும் பொதுவானவையாதலால், அவை பிறந்த இடத்தையும் காலத்தையும் ஆராய்வது வெறும் சரித்திர விநோதமே என்று கருதுவோர் உளர். இக்கருத்து முழுதும் பொருந்தாது என்பதற்கு, சென்னையை அடுத்த பரங்கிமலைச் சமவெளியில் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கிய முக்கோண அளவை தக்க சான்றாகும்.

அதனை நடத்திய வில்லியம் லாம்டன், திப்பு சுல்தான் மாண்ட 1799-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண முற்றுகையில் கலந்துகொண்ட படை அதிகாரி. புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் எல்லையை அறியவேண்டும் என்ற கும்பினியாரின் அவசரமே, பூமியின் வடிவத்தைக் கணிக்கவேண்டும் என்ற அவருடைய சொந்த ஆசைக்கு வழிவிட்டது. ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்த நூறடி எஃகுச் சங்கிலி, மக்கார்ட்னி தூதுக்குழுவினரால் சீனச் சக்கரவர்த்திக்கெனக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஆதரவு பெறாமல் இந்தியா வந்து சேர்ந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டோ வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மொரீஷியஸ் சென்று மீண்டது. குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே நோக்குநிலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து அக்கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது.

இவை தற்செயல்களே அன்றி முடிவைப் பாதிக்கவில்லையே என்று ஒருவர் வினவலாம், வினா நியாயமானதே. ஆயினும் 1823-இல் லாம்டன் மறைந்தபின், ஜார்ஜ் எவரெஸ்ட் அவ்வளவையை இமயத்தை நோக்கிக் கொண்டுசென்றபோது, மாளவத்துக் கலியான்பூருக்கும் தில்லிக்கு வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட அட்சாம்ச வித்தியாசம், நட்சத்திரங்களைக் கொண்டு கணித்தால் ஒன்றாகவும் நிலத்தளவையால் கணித்தால் வேறாகவும் வந்து நின்றது. வேறுபாடு 5.236 விகலை, தரையில் ஏறக்குறைய 500 அடி. எவரெஸ்ட் அதனை அளவைப் பிழையெனக் கொண்டு தொடர் முழுவதிலும் பங்கிட்டுவிட்டார். கல்கத்தாவில் பாதிரிமார் தலைவராயிருந்த ஜான் பிராட் என்பவரோ, இமயத்தின் பருமன் தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்திருக்குமோ என்று ஐயுற்றுக் கணித்தபோது, வரவேண்டிய வேறுபாடு 15.885 விகலை எனக் கண்டார். மலை இழுக்கவேண்டிய அளவில் மூன்றிலொரு பங்கே இழுத்தது. நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே உயர்ந்து தோன்றுவது கீழேயும் ஆழ்ந்திருப்பது போல, மலைகளின் இலேசான வேர்கள் அடியிலுள்ள கனத்த பொருளை விலக்கி மிதக்கின்றன என்று 1855-இல் ஜார்ஜ் எய்ரி விளக்கம் தந்தார். பூமியின் மேலோட்டைப் பற்றிய சமநிலைக் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது.

மலை மட்டும் இதற்குப் போதியதன்று. நூறாண்டுக்கு முன்னரே பியேர் பூகேர் தென்னமெரிக்காவின் சிம்போராசோ மலையருகே ஈர்ப்பு கணக்கினும் மிகக் குறைந்திருக்கக் கண்டார். ஆனால் அக்குறிப்பு தனித்தே நின்றது. சமவெளியூடே நூற்றுக்கணக்கான மைல் தொடர்ந்து மலையடியை எட்டும் அளவைத்தொடர் ஒன்றிருந்தாலன்றி அத்தகைய நுண்ணிய வேறுபாடு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிலைநாட்டப்படாது. அத்தொடரைப் பல்லாண்டுகள் பொருட்செலவு செய்து வளர்த்தது நாடு பிடித்த ஓர் அரசே.

எவரெஸ்ட் 1830-இல் வகுத்த பூமியின் வடிவக்கணக்கு இந்திய நிலத்துக்கு நன்கு பொருந்தியமையால் நம் நாட்டுப் படங்களுக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது. எனினும் பூமத்தியரேகையில் அது கூறும் ஆரம், இக்காலச் செயற்கைக்கோள் கணிதம் கூறுவதினும் ஏறக்குறைய 860 மீட்டர் குறைவு.