மெஷின் எம்பிராய்டரி லேஸ் விரிப்பு

பூச்சாடி, விளக்கு, தாம்பாளம் இவற்றின் அடியில் போடும் சிறு அலங்கார விரிப்பை, துணியே இல்லாமல் நூலை மட்டும் கொண்டு எம்பிராய்டரி மெஷினில் தைத்தெடுக்கும் கைத்தொழில். தண்ணீரில் கரையும் தாள் ஒன்றின்மேல் மெஷின் தைக்கும். தைத்து முடிந்ததும் தாளைக் கரைத்துவிடுவார்கள். கான்கிரீட் இறுகியதும் சென்டரிங் பலகையைப் பிரித்தெடுப்பதைப் போன்ற வேலை இது.

புனே வீடுகளில் இத்தகைய விரிப்புக்கு முன்பிருந்தே மதிப்பு உண்டு. மராத்திக் கல்யாணங்களில் பெண் வீட்டார் கைவேலைப் பொருட்களை அழகாக அடுக்கிவைக்கும் ‘ருக்வத்’ வழக்கத்தில், குரோஷா ஊசியால் பின்னிய விரிப்புகளும் தோரணங்களும் இடம்பெறும். 1909இல் ரமாபாய் ரானடே முன்னின்று தொடங்கிய புனே சேவா சதன், பெண்களுக்குப் படிப்போடு தையலையும் கைவேலையையும் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கும் நூல், லேஸ், மணி வாங்க நகரத்துப் பெண்கள் ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளி என்னும் கடைச்சந்துக்குத்தான் போகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு மூத்த மரபு நாகர்கோவில் ரேந்தை எனும் கைலேஸ். 1819இல் அங்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட், தலையணையில் குண்டூசி குத்திக் கட்டைகளால் நூலை முறுக்கிப் பின்னும் முறையைப் பெண்களுக்குக் கற்பித்தார். மெஷின் லேஸ் அந்த நுணுக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் பல நாள் வேலையைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி 1863இல் ஷிஃப்லி எம்பிராய்டரி மெஷினை உருவாக்கினார். 1880களில் ஜெர்மனியின் பிளாவன், சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் வட்டாரங்களில் பட்டுத் துணிமேல் பருத்தி நூலால் தைத்து, பட்டை மட்டும் காரத்தில் அரித்தெடுக்கும் வித்தை பிறந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் பிளாவன் லேஸ் உயரிய பரிசு பெற்றது. காரத்தின் வேலையை இன்று பாலிவினைல் ஆல்கஹால் தாளும் தண்ணீரும் செய்கின்றன. சூரத்தின் ஷிஃப்லி மெஷின்களில் வரும் ‘ஜிபிஓ லேஸ்’ இதே குடும்பம்தான்.

விரிப்பின் உயிர் டிசைனில் இருக்கிறது. ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். முதலில் மெஷின் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் போட்டு ஒரு வலை கட்டும். ஓரத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் அந்த வலையின் முனைகளைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாகத்தான் பளபளக்கும் சாட்டின் தையல். சாட்டின் நூல்கள் அருகருகே கிடக்குமே தவிர ஒன்றையொன்று பிடிக்காது. அடிவலை இல்லாவிட்டால் தாள் கரைந்ததும் இலை வெறும் நூல்கற்றையாகப் பிரிந்துவிடும். துணிக்கென்று வரைந்த பூ டிசைனை இங்கே தைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மெல்லிய பிளாஸ்டிக் போன்ற தாளை ஊசி துளைத்துத் துளைத்துக் கிழித்துவிடும். துணி போன்ற இழைத்தாளை இரண்டு அடுக்காக, மத்தளத் தோல்போல் விறைப்பாக ஹூப் எனும் சட்டத்தில் மாட்டுவது நல்லது. 75/11 ஊசி, 40ஆம் எண் நூல், மிதமான வேகம். பின்பக்கமும் கண்ணில் படும் என்பதால் பாபினிலும் அதே நூலைச் சுற்ற வேண்டும். ரேயான் நூல் மினுக்கும்; ஆனால் நனைந்தால் வலு குறையும். அடிக்கடி துவைக்கும் விரிப்புக்கு பாலியெஸ்டரே ஏற்றது. ஹூப்பிலிருந்து கழற்றுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம்; எங்காவது தையல் விட்டிருந்தால் அப்போதே திரும்பத் தைக்கலாம், கழற்றிய பிறகு பழைய இடத்தில் பொருத்துவது பெரும்பாடு.

100 மில்லிமீட்டர் ஹூப் மட்டும் உள்ள சிறிய மெஷினில் பெரிய வட்டத்தை ஒரே வீச்சில் தைக்க முடியாது. இதழ் இதழாகத் தைத்து, ஓரங்களை ஜிக்ஜாக் தையலால் அல்லது கையால் இணைக்கிறார்கள். இணைப்பு முடிந்த பிறகு கரைத்தால் துண்டுகள் ஒரே அளவில் நிற்கும்.

புனேயின் மழைக்காலம் இந்தத் தாளுக்குப் பகை. ஈரக்காற்று பட்டால் தாள் தளர்ந்து பிசுபிசுக்கும், தையலும் சுருங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுப் புகாத உறையில் வைத்து, தைக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும்.

கரைக்கும் முன் மிச்சத் தாளை வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். கொழகொழப்பு முழுதும் போகும்வரை அலசினால் விரிப்பு துவண்டுவிடும். சற்றே விட்டுவைத்தால் அதுவே கஞ்சியாகி விறைப்புத் தரும். பிறகு தெர்மாகோல் அட்டையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் வட்டம் கெடாமல் குத்தி, நிழலில் காயவைப்பார்கள். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் விறைப்பு குறையும். அப்போது வெட்டியெடுத்த தாள் துண்டுகளைத் தண்ணீரில் கரைத்து, அதில் விரிப்பை முக்கி மறுபடி குத்திக் காயவைத்தால் போதும்.