எடை குறைந்த உடலும் கொழுப்பேறிய ஈரலும்: பதுளைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் கொழுப்பு ஈரல் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு மறுப்பு எழும். விடிந்ததிலிருந்து மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவர்களுக்கு, அதுவும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கு, பணக்காரர் நோய் எப்படி வரும் என்பார்கள். இந்த மறுப்புக்கான விடை பக்கத்து மாவட்டத்தில் கிடைத்திருக்கிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தோர் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையுள்ள 403 பேரைப் பரிசோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறக்குறைய எல்லோரும் தமிழர், உடலுழைப்பாளர், வறியவர். அதிகம் மது அருந்துவோரையும் ஈரலழற்சிக் கிருமி உள்ளோரையும் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் 18 சதவீதத்தினருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. பெண்களைவிட ஆண்களில் இது இரு மடங்கு.

இதே பீடத்தினர் நகர்ப்புற ராகமையில் அதே வயதினரிடம் கண்ட அளவு 32.6 சதவீதம். இரண்டையும் அருகருகே வைத்தால் உடலுழைப்பு ஓரளவு காக்கிறது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் ஐவரில் ஒருவர் என்ற அளவுக்கு நோய் நெருங்கியிருப்பதை அது மறைத்துவிடக் கூடாது. மேலும், ஈரலின் நிறையில் 5 சதவீதம் கொழுப்பு இருந்தாலே அது நோய். சாதாரண ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிய 20 சதவீதத்துக்கு மேல் சேர வேண்டும். ஆகவே அந்த 18 குறைந்தபட்சக் கணக்கு என்றே நான் வாசிக்கிறேன்.

பதுளை அடங்கிய ஊவாவின் தோட்டங்களிலும் அதே மக்கள், அதே வேலை, அதே கோதுமை மா. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை என எங்கு போனாலும் இந்த மூன்றும் மாறுவதில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்: எடையைப் பார்த்து ஈரலை மதிப்பிடும் வழக்கம் இங்கே தவறான ஆட்களை நலமுள்ளவர்கள் என்று வீட்டுக்கு அனுப்புகிறது, உயரத்தோடு ஒப்பிட்ட இடுப்புச் சுற்றளவே தோட்டத்து மருந்தகத்தில் முதல் அளவாக வேண்டும்.

கொழுப்பு உடலில் எங்கே தங்குகிறது என்பதில் நோய் அடங்கியிருக்கிறது என்று முதலில் அழுத்திச் சொன்னவர் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். 1947இல் அவர், மேலுடலில் கொழுப்புச் சேரும் ஆண்பாங்கையும் தொடையிலும் இடுப்பின் கீழும் சேரும் பெண்பாங்கையும் பிரித்துக் காட்டி, முந்தியதே நீரிழிவோடு தொடர்புடையது என்றார். பின்னர் வந்த விளக்கம், குடலைச் சுற்றிய உள்ளுறுப்புக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் வாயில் நாளம் வழியே நேராக ஈரலுக்குப் போய்ச் சேர்கின்றன என்பது. கேட்க எளிதாக இருப்பதால் இது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் அளந்து பார்த்தபோது, ஈரலுக்கு வரும் கொழுப்பமிலத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பின் பங்கு மெலிந்தவரிடம் 5 முதல் 10 சதவீதமாகவும், பருமனானவரிடம் 20 முதல் 25 சதவீதமாகவுமே இருந்தது. பெரும்பகுதி வருவது தோலடிக் கொழுப்பிலிருந்து.

அப்படியானால் பெருத்த இடுப்பு எதைச் சொல்கிறது? தோலடிக் கொழுப்புத் திசு மேலும் கொள்ள முடியாத நிலையை எட்டிவிட்டது என்பதைச் சொல்கிறது. இதற்கு மிக வலுவான சான்று அரிய ஒரு நோயில் இருக்கிறது. பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு அற்றுப்போனவர்கள் எலும்பும் தோலுமாகத் தெரிவார்கள். ஆனால் அவர்களின் ஈரல் கொழுப்பால் வீங்கியிருக்கும், நீரிழிவும் கடுமையாக இருக்கும். சேமிக்க இடமில்லாத கொழுப்பு, சேமிக்கக் கூடாத உறுப்புக்குப் போகிறது. தொடைக் கொழுப்பு ஏன் பாதுகாப்பானது என்பதும், மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இந்நோய் ஏன் குறைவு என்பதும் இதனால் விளங்கும்.

தெற்காசியருக்கு இந்தத் தோலடிச் சேமிப்பிடம் சிறியது என்பது 2007இல் முன்வைக்கப்பட்ட கருதுகோள். அதற்கு முன்னரே புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே சாட்சியாக்கி 2004இல் ஒரு படம் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3, யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினது 21.2 சதவீதம். யாஜ்னிக் குழுவினர் புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தனர். அவற்றின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனேக் குழந்தைகளிடம் தசையும் உறுப்புகளும் குறைந்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மேற்கு வங்கக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு இதை ஈரல் வரை கொண்டுசென்றது: கொழுப்பு ஈரல் கண்டறியப்பட்டவர்களில் 75 சதவீதத்தினரின் சுட்டி 25க்குக் கீழே.

இதைத் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது. அந்த ஆண்டுகளில் கருவில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். ஈரல் நோயும் நீரிழிவும் வெளிப்படும் வயது. பசி அத்தோடு முடிந்துவிடவுமில்லை. 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் இது 17.3. குறைந்த உணவில் உருவான உடல் பிற்பாடு மலிவான மாவையும் சீனியையும் சந்திக்கும்போது நேர்வதே இந்நோய் என்று நான் கருதுகிறேன்.

காலையில் ரொட்டியும் சம்பலும், மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி, இடையிடையே நிறையச் சீனி போட்ட சாயத்தண்ணி. சீனியில் பாதி பிரக்டோஸ். அதைக் கையாளும் முதன்மை உறுப்பு ஈரலே, மிஞ்சுவதைக் கொழுப்பாக்குவதும் அதுவே. கொழுப்பு ஈரல் நோயாளிகளின் ஈரல் கொழுப்பில் 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து வந்ததையும், 26 சதவீதம் ஈரலே புதிதாக ஆக்கியதையும், 15 சதவீதம் மட்டுமே உண்ட கொழுப்பிலிருந்து வந்ததையும் 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். தேங்காய்ச் சம்பலைக் குறைக்கச் சொல்லிவிட்டுச் சாயத்தண்ணிச் சீனியைக் கேளாமல் விடும் ஆலோசனை முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறது.

இனி அளவுநாடா. 146 சென்டிமீட்டர் உயரமும் 48 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். சுட்டி 22.5, ஆசியருக்கான 23 என்ற எல்லைக்குள். இடுப்பு 77 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்ணுக்கான 80 என்ற எல்லைக்குள். இரண்டு அட்டவணையும் சரி என்கின்றன. ஆனால் இடுப்பு உயரத்தில் பாதிக்குள், அதாவது 73க்குள், இருக்க வேண்டும் என்ற விதியில் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். வளர்ச்சி குன்றிய சமூகத்தில் உயரத்தைக் கணக்கில் எடுக்காத எந்த இடுப்பு எல்லையும் குள்ளமானவர்களுக்கு அநீதி செய்யும்.

அளக்கும் இடமும் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சு விட்ட நிலையில், தோல்மேல் நாடா படிய வேண்டும். மலையிலிருந்து நேராக வரும் பெண்ணின் இடுப்பில் படங்கு கட்டியிருக்கும், அதற்குள் சேலைக் கொசுவம். அதன்மேல் நாடாவைச் சுற்றினால் கிடைப்பது துணியின் அளவு. ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் உதவியாளரும் இல்லாத மருந்தகத்தில் எழுதப்படும் இடுப்பளவை நான் நம்பமாட்டேன்.

என் வாதத்துக்கு எதிராக நுவரெலியா ஆய்விலிருந்தே ஒன்று சொல்லலாம்: இடுப்பளவோடு உடற்திணிவுச் சுட்டியும் அங்கே நோயை முன்னுணர்த்தியது. உண்மை. சுட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது சரி என்று சொன்னதும் பரிசோதனையை முடித்துவிடுவதையே எதிர்க்கிறேன். இடுப்பளவு தோலடிக் கொழுப்பையும் உள்ளுறுப்புக் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது என்பதும் உண்மையே. எனவே அந்த ஆய்வில் சேர்ந்து வந்த மற்ற இரண்டையும், இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும், கூடவே பார்க்க வேண்டும். 2023இல் இந்நோய்க்குப் பெயர் மாற்றிய உலக வல்லுநர்கள் வகுத்த வரையறையும் இவ்வழியே போகிறது: ஈரலில் கொழுப்போடு இத்தகைய குறிகளில் ஒன்று இருந்தாலே போதும், பருமன் கட்டாயமில்லை. மதுவும் வளர்சிதைக் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு அவர்கள் தனி வகுப்பு ஒதுக்கியதும் கசிப்பு புழங்கும் லயங்களுக்கு மிகப் பொருந்தும். குடிப்பவர் என்பதற்காக ஓர் ஆணின் இடுப்பை அளக்காமல் விடுவதற்கு இனி நியாயமில்லை.

மருத்துவ ஆலோசனையில் எனக்குப் பெரும் அச்சம் ஒன்றுண்டு. பருமனானவருக்கு 7 முதல் 10 சதவீத எடைக்குறைப்பு என்ற அறிவுரையை 48 கிலோ பெண்ணிடம் அப்படியே சொன்னால் அவர் சோற்றைக் குறைப்பார். தசை கரையும், இரத்தச்சோகை கூடும். மெலிந்தவருக்கு 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் தேறும். அதையும் பட்டினியால் அடையக் கூடாது. சீனியையும் இரண்டாவது வேளை ரொட்டியையும் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, கடலை, முட்டை வர வேண்டும். இவற்றின் விலையை நாட்சம்பளத்தோடு வைத்துப் பேசாத மருத்துவர் நோயாளியிடம் பாதிதான் பேசியிருக்கிறார்.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. ஆகையால் பதுளை மருத்துவமனைக்கு வரச்சொல்லிக் காத்திருப்பதில் பயனில்லை. பரிசோதனை தோட்டத்துக்கு வர வேண்டும், சம்பள நாளை ஒட்டியோ ஞாயிறு காலையிலோ. உயரம், இடுப்பு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகிய நான்கையும் 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும், வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போய்த் திரும்பிய ஆண்களிடமும் எடுக்கலாம். இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டி, மற்ற இரண்டில் ஒன்றும் உயர்ந்தவர்களை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பினால் ஒரு மாவட்ட மருத்துவமனையின் கருவி தாங்கும். கிளினிக் அட்டையில் பிறப்பெடை பதிவான இளையவர்களிடம் அதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறந்தவர்களின் ஈரலை அவர்களின் நாற்பது வயதுக்கு முன்பே பார்க்கத் தொடங்கலாம்.