கோரையும் கோதாவும்

முசிறி என்றவுடன் இலக்கிய அன்பர்கள் பலருக்கும் யவனர் மிளகு வாங்க வந்த சேரர் துறைமுகமே நினைவுக்கு வரும். நாம் இங்குப் பேசப்போவது அந்த முசிறியைப் பற்றியன்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியின் வடகரையோடு மேற்கே சென்றால் குளித்தலைக்கு நேர் எதிர்க்கரையில் அமைந்திருக்கும் முசிறியைப் பற்றியது. இசையன்பர்கள் இவ்வூர்ப் பெயரை முசிறி சுப்பிரமணிய ஐயரால் (1899-1975) அறிவர். சந்தைக்குச் சென்று பழகியவர்கள் கோரைப்பாயால் அறிவர்.

நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாக நம்மிடம் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார், எந்த விரிப்பு வாங்கலாம் என்பதே அது. தமிழ் கற்பிப்பவரிடம் கேட்கக்கூடிய வினாவா இது என்று முதலில் நகைத்தோம். பின்னர், முசிறிக்கு அருகே இருந்துகொண்டு இதற்கு விடை சொல்லாதிருப்பதும் முறையன்று என்று தோன்றியது. விடையைப் புறநானூற்றிலிருந்து தொடங்குகிறோம், வாசகர்கள் பொறுத்தருள்க.

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழர் குடிப்பிறந்தோனைப் பற்றியவை. முதல் மூன்று சாத்தந்தையார் பாடியவை. அடுத்த மூன்று நக்கண்ணையார் பாடியவை. உறையூரிலிருந்த தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்து வாழ்ந்த இவன், ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து வென்றான். முசிறியிலிருந்து திருச்சிக்குச் செல்லும் வழியில், குணசீலத்தை அடுத்து ஆமூர் என்றோர் ஊர் இன்றும் உண்டு. சங்க கால ஆமூர் இதுவே எனக் கொள்வோரும் உளர். ஊர்ப்பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்றாலும், தித்தனின் உறையூர் இங்கிருந்து கூப்பிடு தூரமாக இருப்பதை எண்ணும்போது அக்கருத்தை எளிதில் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

இப்பாடல்களில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது சாத்தந்தையாரின் உவமை ஒன்று. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், பொழுது சாய்கிறது, மழையும் பெய்கிறது. இத்தனை நெருக்கடிக்கு இடையில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கும் ஒருவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடும்? அவ்வளவு விரைவில் முடிந்துவிட்டதாம் அந்த மற்போர். மல்லனின் உடலையும் படுக்கை பின்னும் தொழிலாளியின் கையையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்த்த புலவரை நாம் என்றும் வியந்தே படிப்போம். ஆயினும் மற்போர் நடந்த தரை எத்தகையது என்பதை ஆறு பாடல்களுள் எதுவும் சொல்லவில்லை. நக்கண்ணையார் பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று பார்த்ததை அறிகிறோம். கிள்ளியின் காலடியிலிருந்த மண்ணை அறியோம்.

பிற்கால மற்களங்களின் மண்ணை நன்கறிவோம். கோதா என்று நம் மக்கள் வழங்கும் மற்களத்தில், போருக்கு முன் மண்ணைக் கொத்திக் கிளறி, கல்லும் வேரும் அகற்றிப் பொலபொலவென்று ஆக்கிவைப்பர். வடபுலத்து அக்காடாக்களில் அம்மண்ணோடு எண்ணெய், மஞ்சள், மோர் முதலியவற்றைக் கலப்பதும் உண்டு. கேரளத்துக் குழிக்களரியோ தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்டது. நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தோரு அடி அகலம், அடித்தளம் முழுதும் மண். இவையெல்லாம் வெறும் சடங்குகள் அல்ல. விழுகின்ற உடலைத் தரை சட்டென்று நிறுத்தினால் எலும்பு முறியும். சற்றே அமிழ்ந்து மெல்ல நிறுத்தினால் வலியோடு போகும். இன்றைய நுரைத் தளங்களின் அறிவியல் முழுவதும் இந்த 'மெல்ல நிறுத்துதல்' ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

உயரந்தாண்டும் போட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மணலும் மரத்தூளும் கொட்டிய குழியில் விழுந்தவரை, தாண்டுபவர் தம் காலிலோ கையிலோதான் இறங்கியாக வேண்டும். தடித்த நுரைமெத்தை வந்த பின்னரே ஒருவர் துணிந்து முதுகால் விழ முடிந்தது. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதும், அவர் முறையை உலகம் பின்பற்றியதும் மெத்தையின் கொடை. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் கொணர்ந்த சேலத்து மாரியப்பன் தங்கவேலும் மெத்தையை நம்பித்தான் தாண்டினார். தரை மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது.

விழும் உடலைப் பற்றி இவ்வளவு. அமரும் உடல், கிடக்கும் உடல் ஆகியவற்றின் தேவை வேறு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலுக்குள் ஈன்ற தாய் மகவோடு கிடப்பது மான்தோல் மேல். நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையோ அன்னத்தின் தூவி அடைத்தது. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகம் பயில்வோனுக்குத் தருப்பை, மான்தோல், துணி மூன்றும் கொண்ட இருக்கையைச் சொல்லி, அது மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் இராமல் அசையாது நிற்க வேண்டும் என்கிறது. நம் திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் ஆதனங்களை வகுத்துரைக்கிறார். அமர்பவர்க்கு வேண்டியது மென்மையைவிட அசையாமை; தரையின் குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் ஒரு மெல்லிய இடையீடு. அதனைத்தான் தடுக்கு என்று அழகாகப் பெயரிட்டு வைத்தனர். தவிசு, தடுக்கு, பாய், பந்திப்பாய் எனப் பயன்பாட்டுக்கொரு சொல் வைத்திருந்த மொழி இன்று எல்லாவற்றையும் 'மேட்' என்கிறது!

பாய் என்ற சொல்லே விரிப்பதையும் தாவுவதையும் ஒருங்கே குறிப்பது. ஆனால் கோரைப்பாய் தாவுவதற்கு உகந்ததன்று. அதன் இயல்பை அறிய, முதலில் கோரையை அறிய வேண்டும். வயலில் களையாக முளைத்து உழவரைத் துன்புறுத்தும் கோரைக்கிழங்கு வேறு, பாய்க்கோரை வேறு. இது ஆளுயரம் வளரும். தண்டு மூன்று பட்டையாக இருக்கும். பாய்க்கு உதவும் வகைகளுள் ஒன்றுக்கு டேனியத் தாவரவியலார் ராட்போல் 1773இல் இட்ட பெயர் 'சைப்பரஸ் பாங்கோரை'. நம் கோரை அப்பெயரில் அப்படியே ஒலிப்பதைக் காணலாம். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தால், காவிரிக் கரைச் சொல் கோபன்ஹேகன் வரை சென்ற வழி விளங்கும்.

முசிறி வட்டாரத்தில் காவிரியின் ஈரத்தை நம்பிக் கோரை பயிராகிறது. ஒருமுறை நட்டால் மீண்டும் மீண்டும் தழைத்துப் பல்லாண்டு நின்று பயன்தரும் பயிர் அது. அறுத்த தாளை உயரவாரியாகப் பிரித்து, நீளவாக்கில் கிழித்து, வெயிலில் உலர்த்துவர். பச்சையாகக் கிழித்த தாள் உலரும்போது விளிம்புகள் உட்சுருண்டு ஒரு மெல்லிய குழல்போல் ஆகிவிடும். அதனுள் அடைபட்ட காற்றே பாயின் குளிர்ச்சிக்கும் சிறு மென்மைக்கும் காரணம். நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு தறியில் நெய்வர். கைத்தறியின் இடத்தை விசைத்தறி பெரிதும் பிடித்துக்கொண்டது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாயைப் போலப் பட்டுப்பாய் என்ற புகழ் முசிறிப் பாய்க்கு இல்லை. பத்தமடையில் தாளை மயிரிழையாக வகிர்வர். 1953இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டுக்கே ஒன்று பரிசாகச் சென்றது என்பர். முசிறிப் பாய் அரசியிடம் போகவில்லை. நம் வீடுகளில் பரணிலிருந்து இறங்கி, படுத்தவர் எழுந்ததும் சுருண்டு மூலையில் நின்றது.

பாயின் நற்குணங்களை அடுக்கி, காய்ச்சல் தீரும், பித்தம் தணியும் என்றெல்லாம் எழுதுவோர் உளர். நாம் அவற்றை வழிமொழியோம். பாய் மருந்தன்று.

இனி நண்பர்களின் முறையீட்டுக்கு வருவோம். "கோரைப்பாயில் பயிற்சி செய்தால் வழுக்குகிறதே" என்பதுதான் பெரும்பாலோர் கூற்று. உண்மைதான். ஆனால் எது வழுக்குகிறது? சாணமிட்டு மெழுகிய மண்தரையில் பாய் வழுக்கியதில்லை. அதன் சொரசொரப்பு பாயைப் பிடித்துக்கொண்டது. பின்னர்க் காவி பூசிய சிமெண்ட் தரை வந்தது. அதிலும் ஓரளவு நின்றது. இப்போது வீடுதோறும் கண்ணாடிபோல் மின்னும் ஓடு பதித்த தரை. பாய் மாறவில்லை, பாய்க்குத் துணையாயிருந்த தரை போய்விட்டது. விரிப்பின் வரலாற்றை எழுதுவோர் தரையின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது நம் துணிபு.

மேலைநாட்டிலும் வழுக்கலே புதிய விரிப்பைப் பிறப்பித்தது. 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகம் பயிற்றியபோது இன்றைய ஒட்டும் விரிப்பு கிடையாது. அவர் மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில்கூடச் சமதரையில் மடித்த கம்பளி விரித்துச் செய்யுமாறே சொல்கிறார். ஆஞ்சலா ஃபார்மர் என்ற ஆங்கில ஆசிரியைக்கு ஓர் அறுவை மருத்துவத்தின் விளைவாகக் கையும் காலும் வியர்க்காமல் போயின. வியர்வையின் பிடிமானம் இன்றி வழுக்கினார். ஜெர்மனியில் கற்பிக்கச் சென்றபோது, தரைக்கம்பளம் நகராதிருக்க அடியில் இடும் செயற்கை மெத்தைத்துண்டு அவர் கண்ணில் பட்டது. அதனை வெட்டி விரித்து நின்றார், கால் நின்றது. அவர் தந்தை அதனை விற்கத் தொடங்கினார். உலகெங்கும் இன்று சுருட்டித் தோளில் மாட்டிச் செல்லும் பி.வி.சி. விரிப்பின் மூதாதை, கம்பளத்துக்கு அடியில் கிடந்த அந்தத் துண்டுதான்.

சப்பானியர் வேறொரு வழி சென்றனர். அவர்களும் கோரை போன்ற இகுசா என்னும் புல்லையே நெய்தனர். ஆனால் அதனை வெறும் பாயாக விடாமல், ஐந்தாறு செ.மீ. தடிமனுள்ள வைக்கோல் பலகைக்கு மேலுறையாக்கித் தரையாகவே பதித்துவிட்டனர். அதுவே ததாமி. 1882இல் கானோ ஜிகோரோ டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஜூடோ பயிற்றத் தொடங்கியபோது அவருக்கிருந்தது பன்னிரண்டு ததாமி விரித்த இடம். 1964இல் ஜூடோ ஒலிம்பிக்குள் நுழைந்தது. இன்றைய போட்டித்தளங்கள் நுரையும் வினைலும் கொண்டவை; இருப்பினும் அவற்றின் மேற்பரப்பில் நெய்த புல்லின் வரிகளை அச்சிட்டு வைத்திருக்கின்றனர். வைக்கோலும் கோரையும் காவிரிக் கரையில் பக்கத்துப் பக்கத்து வயலில் விளைகின்றன. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க நமக்குத் தோன்றவில்லை. நம்மிடம் மெத்தென்ற மண் இருந்ததால் தேவைப்படவில்லை போலும்.

ஐ.நா. அவை 2014 டிசம்பரில் அறிவித்தவாறு 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. கல்லூரித் திடல்களில் நீலமும் ஊதாவுமாக நெகிழி விரிப்புகள் வரிசையாக விரிகின்றன. நம் வகுப்புகளில் கோரை அறுப்போர், பாய் நெய்வோர் வீட்டுப் பிள்ளைகள் பயில்கின்றனர். அவர்களும் அன்று அமர்வது அந்த நெகிழி மேல்தான். ஏற்கெனவே நெகிழிப்பாய் வந்து கோரைப்பாயின் சந்தையைச் சுருக்கிவிட்ட நிலையில், மண்தரையில் அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யும் நாற்பது நிமிடத்துக்கும் கோரை தகாது என்று முடிவு செய்தவர் யார்? அத்திடலில் பாய் வழுக்கவும் வழியில்லை. இதனை ஒரு கூட்டத்தில் நாம் எடுத்துரைத்தபோது, ஒரே நிறமாக இருந்தால்தான் நிழற்படத்தில் எடுப்பாக இருக்கும் என்ற விடை கிடைத்தது.

ஆகவே நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அமர்ந்து செய்யும் மூச்சுப் பயிற்சி, படுத்துச் செய்யும் எளிய அசைவுகள், ஓய்வு ஆகியவற்றுக்குக் கோரைப்பாய் போதும். முதுகெலும்பு உறுத்தினால் மேலே ஒரு ஜமக்காளம். ஓட்டுத்தரையாயின் பாயின் அடியில் கம்பளங்களுக்கு இடும் ரப்பர் வலையை விரித்துவிட்டால் பாய் நகராது. கையூன்றிக் காலகட்டி நிற்கும் நிலைகளுக்குக் கோரை உதவாது. வியர்த்த உள்ளங்கை அதன்மேல் நில்லாது. நாலைந்து மி.மீ. ரப்பர் விரிப்பே அதற்கு ஏற்றது. கனமும் மணமும் உண்டு, ரப்பர் ஒவ்வாதவர்கள் டி.பி.இ. வகையை நாடலாம். முழங்கால் நோயாளிகள் பத்துப் பதினைந்து மி.மீ. நுரைவிரிப்பை ஆவலோடு வாங்குகின்றனர். மண்டியிடவும் படுக்கவும் அது நன்று. ஆனால் அதன்மேல் ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் தள்ளாடும், முதியவர்கள் விழுந்துவிடக்கூடும். குதிப்போர்க்கு ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தும் இ.வி.ஏ. பலகைகள் உள்ளன, எடைதூக்குவோர்க்கு அவையும் பள்ளமாகிவிடும், கெட்டி ரப்பர்த்தளமே வேண்டும்.

சடுகுடு ஆடும் இளைஞர்களுக்கு மட்டும் தனியே ஒன்று. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்ற கபடி, 2014இல் தொடங்கிய புரோ கபடிக்குப் பின் பெரிதும் செயற்கைத் தளத்துக்கு உரியதாகிவிட்டது. மண்ணில் வெறுங்காலோடு பழகிய கால், தேவையான இடத்தில் சற்று வழுக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். செயற்கைத் தளத்தில் காலணி பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஊர்த்திடலில் மட்டுமே ஆடிவிட்டு நேரே தேர்வுப் போட்டிக்குச் செல்வது நன்றன்று; போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பேனும் தளத்தில் ஆடிப் பழக வேண்டும்.

கோரைப்பாய் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. தாள்கள் இடைவெளியின்றி நெருங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; ஓரம் துணியிட்டுத் தைத்ததா என்று தடவிப் பாருங்கள், தைக்காத ஓரம் முதலில் பிரியும். படுக்கையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சாண் மிஞ்ச வேண்டும். வியர்வைபட்ட பாயை உடனே சுருட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும். காலை வெயிலில் சற்று உலர்த்தி, சுருட்டியபின் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.