அடையாற்றில் வெற்றி, பரங்கிமலையில் தோல்வி

தென்சென்னை மண்ணில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு முறை வென்றார்கள், ஒரு முறை தோற்றார்கள். வெற்றி கவர்னர் துய்ப்ளேயின் காலத்தில். தோல்வி தளபதி லாலியின் காலத்தில்.

ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்ததும் ஒப்படைப்பதாக ஆற்காடு நவாபுக்கு வாக்குக் கொடுத்திருந்த துய்ப்ளே, பிடித்த பின் தரவில்லை. 1746 அக்டோபரில் நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு வந்தார். அடையாறு கடலில் சேரும் இடத்தருகே, சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் சிப்பாய்களும் அந்தப் படையை விரட்டிவிட்டார்கள். பயிற்சி பெற்ற சிறு படை போதும் என்று துய்ப்ளேக்குப் புரிந்தது. 1749-ல் ஆற்காட்டுப் பட்டத்துக்கு சந்தாசாகிபை நிறுத்தினார். படைபலத்தைக் கொடுத்து, பதிலுக்கு நிலவருவாயை வாங்குவது அவர் வகுத்த வழி.

1758-ல் வந்த லாலி வீரர், ஆனால் ஊரை அறியாதவர். வண்டி மாடு கிடைக்காதபோது சாதி பாராமல் ஆட்களைப் பிடித்துப் பாரம் இழுக்க வைத்தார். தஞ்சைப் படையெடுப்பில் கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டு, ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்ட அர்ச்சகர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இதை எந்தப் போர்த்தேவையாலும் நியாயப்படுத்த முடியாது. துய்ப்ளேயும் கை சுத்தமானவர் அல்ல. 1748-ல் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் அவர் ஆட்சியில்தான் இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையே அதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட லாலி, செங்கல்பட்டுக் கோட்டையை ஆங்கிலேயரிடமே விட்டுவைத்தார். பெரிய பிழை அது. மருதநாயகம் என்று நாம் அறிந்த, ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படைத் தலைவர் யூசுப்கான், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுப் படைக்கு வந்த தானியத்தையும் மாடுகளையும் மடக்கினார். அடுத்த பிப்ரவரியில் அவரும் ஆங்கிலேயத் தளபதி காலியோவும் பரங்கிமலையில் நின்று பிரெஞ்சுப் படையைத் தடுத்தார்கள். சில நாளில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன. லாலி முற்றுகையை விட்டுப் போனார்.

அடுத்து வந்தவாசிப் போரில் தோற்றார். 1761-ல் புதுச்சேரியும் விழுந்து தரைமட்டமானது. 1766-ல் பாரீசில் லாலியின் தலை வெட்டப்பட்டது. பணமும் கப்பலும் சரியாக வராத போருக்கு ஒருவரை மட்டும் பலியிட்டது அநீதி. எழுத்தாளர் வால்டேர் அவருக்காக வாதாடினார், 1778-ல் தீர்ப்பு ரத்தானது.

துய்ப்ளேயை பிரான்ஸ் 1754-லேயே திருப்பி அழைத்துவிட்டது. 1763-ல் அவர் பாரீசில் வறுமையில் இறந்தார். அவர் வகுத்த வழியைக் கையில் எடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதே 1763-ல், படையுதவிக்கு ஈடாக ஆற்காடு நவாப் முகமது அலி, தாம்பரம், பல்லாவரம் பக்கத்து ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை அவர்களுக்கு நிலவருவாய் உரிமையோடு ஜாகீராக எழுதிக்கொடுத்தார்.