தேங்காய்ப்பூத் துண்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு



தங்கையின் பேரனுக்காகத் தொப்பி வைத்த குளியல் துண்டு ஒன்று தைத்தேன். படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும் அளவு கேட்டுப் பலர் எழுதினீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு, என் வழக்கப்படி வரலாற்றுக்குப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான்!

கைக்குழந்தைக்குத் தலை பெரிது. உடம்பின் மொத்தத் தோல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டையும் கொண்டுபோகும். அதனால்தான் குளித்த குழந்தைக்கு முதலில் தலையைத் துவட்டுகிறோம். சாம்பிராணிப் புகை குழந்தைக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் காலத்தில் தொப்பித் துண்டு நல்ல துணை.

புதுத் துணியை முதலில் துவைத்துக் காய வையுங்கள், பருத்தி சுருங்கும். 30 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதே துணியில் ஒரு முக்கோணம்: செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களும் 10 அங்குலம். அதன் நீண்ட பக்கத்தை முதலில் மடித்துத் தைத்து, சதுரத்தின் ஒரு மூலைமேல் பொருத்துங்கள். பிறகு சுற்றிலும் கிராஸ் பீஸ் வைத்துத் தைத்தால் முடிந்தது. தடித்த துணி என்பதால் 16ஆம் எண் ஊசி போடுங்கள். நாடா, பொத்தான் எதுவும் வேண்டாம். துவட்டியதும் துண்டை எடுத்துவிடுங்கள். அதோடு தூங்க வைக்காதீர்கள்.

இந்தத் தொப்பி நமக்குப் புதிதல்ல. மழையில் ஆடு மேய்த்தவர்கள் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையில் மாட்டிக்கொள்வார்களே, கொங்காடை! அந்த யோசனைதான். அதை முதலில் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

துணிக்கு வருவோம். துருவிய தேங்காய் போல இருப்பதால் நாம் தேங்காய்ப்பூத் துண்டு என்கிறோம். கடைக்காரர் டர்க்கி டவல் என்பார். அந்தப் பெயரில் ஒரு நாடு இருக்கிறது. துருக்கியில், குறிப்பாக பர்சா நகரத்தில், கண்ணி கண்ணியாக நூல் எழும்பி நிற்கும் துணியைக் கைத்தறியில் நெய்தார்கள். சாதாரணத் துணிக்கு ஒரு பாவு போதும். இதற்கு இரண்டு. ஒன்று இறுக்கமாக இருக்கும். இன்னொன்று தளர்வாக இருக்கும். ஊடையை இரண்டு முறை சற்றுத் தள்ளியே விட்டு, மூன்றாவதையும் சேர்த்து ஒரே அடியில் நெருக்கினால், தளர்ந்த பாவு மேலெழுந்து கண்ணியாகும். தண்ணீரைக் குடிப்பது இந்தக் கண்ணிகள்தான். துணியை மென்மையாக்கும் திரவத்தில் துண்டை அலசினால் கண்ணிகள்மேல் படலம் படியும். பிறகு நீர் உறிஞ்சாது.

1850இல் கிழக்கு நாடுகளில் பயணம் செய்த ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் இந்தத் துணியின் மாதிரியை எடுத்துப் போனார். அவர் குடும்பம் மான்செஸ்டர் பக்கம் ஆலை வைத்திருந்தது. அங்கே சாமுவேல் ஹோல்ட் என்பவர் அதை இயந்திரத்தில் நெய்ய வழி கண்டார். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. கிறிஸ்டி, ஹோல்ட் பெயர்கள் புத்தகத்தில் ஏறின. பர்சா நெசவாளி ஒருவர் பெயர்கூட ஏறவில்லை. கிறிஸ்டி பல நாட்டு மக்களின் கைப்பொருள்களையும் சேகரித்தார். 1865இல் அவர் இறந்தபின் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. சேகரித்தவர் பெயர் அங்கும் நிலைத்தது. செய்தவர்களில் பெரும்பாலோர் பெயர் இல்லை.

அதே 1851இல்தான் ஐசக் சிங்கர் தம் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1846லேயே எலியாஸ் ஹோவ் ஒரு தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவர் வழக்குப் போட்டு வென்று சிங்கரிடம் பணமும் வாங்கினார். ஏட்டில் எழுதி வைத்ததால்தான் ஹோவுக்கு நீதி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

மான்செஸ்டர் துணி நம் நாட்டு நெசவாளிகளின் வயிற்றில் அடித்ததை ஒன்பதாம் வகுப்பில் படித்தீர்கள். வரலாறு திரும்பியும் பார்க்கும்: 2006இல் அதே கிறிஸ்டி நிறுவனத்தை இந்தியாவின் வெல்ஸ்பன் வாங்கியது. குஜராத்தில் இன்று அந்நிறுவனம் துண்டு நெய்து உலகுக்கு அனுப்புகிறது. நம் கரூரிலிருந்தும் வீட்டுத் துணிகள் கப்பலேறுகின்றன.

கப்பலேறும் துணியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஊர்ப்பெயர்கூட இருக்கலாம். தறியில் நின்றவர் பெயர் இருக்காது. உங்களில் எத்தனையோ பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தாத்தா எந்த ஊரில், யாருடைய தறியில், என்ன நெய்தார், என்ன கூலி வாங்கினார், பாட்டி எத்தனை கண்டு நூல் சுற்றினார் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கும்போதே சொல்ல ஆள் இருக்க வேண்டும். இது டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம். மதிப்பெண் கிடையாது கண்ணுகளா, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டும்.