யார் அந்த ‘மக்கள்’? – சமுதாய வளர்ச்சித் திட்டம் குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை அப்படி யாரும் சொல்வதில்லை; ‘பிடிஓ ஆபீஸ்’தான். அந்த ‘பிளாக்’ என்கிற அலகு, 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டம் விட்டுச்சென்றது. திட்டம் போயிருச்சு, ஆபீஸ் நிக்குது. ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பேசியாக வேண்டும்.

தொடக்கம் 1948, உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டம். ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், நேருவின் ஆதரவோடு மஹேவாவை மையமாக வைத்து 64 கிராமங்களில் வேலையைத் தொடங்கினார். விதை, உரம், கால்நடை என்பதெல்லாம் இருந்தன. ஆனால் மேயர் அழுத்தியது வேறு. கீழ்நிலை ஊழியர் மேலதிகாரியிடம் ‘இது நடக்காதுங்க’ என்று சொல்ல முடிய வேண்டும். நிர்வாகத்துக்குள் ஜனநாயகம் இல்லாமல் கிராமத்தில் அதை எதிர்பார்க்க முடியாது என்றார் அவர்.

1952-ல் இது 55 திட்டங்களாக விரிந்தபோது, ஒவ்வொன்றிலும் சுமார் 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். அமெரிக்கத் தொழில்நுட்ப உதவிப் பணம் வந்தது. ஊழியர் பயிற்சிக்கு ஃபோர்டு அறக்கட்டளை கொடுத்தது. காலத்தையும் கவனிக்க வேண்டும்: 1949-ல் சீனப் புரட்சி, 1951-ல்தான் தெலங்கானா ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது. ‘சமுதாயம்’ என்ற சொல்லுக்குப் பணம் கிடைத்ததும், ‘நிலம்’ என்ற சொல் பின்னுக்குப் போனதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டை, திட்டத்தை நடத்தியவர்களிடமே விடவில்லை. திட்டக் குழுவின்கீழ் தனியாக ஒரு மதிப்பீட்டு அமைப்பு 1952-லேயே உருவானது. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சியைத் தூண்டுவதில் திட்டம் தோற்றது என்று வெளிப்படையாகவே எழுதியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு அமைப்புகளிடம் அதிகாரத்தையும் பணத்தையும் கொடுங்கள் என்பது அதன் தீர்வு. 1959-ல் ராஜஸ்தானின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் தொடங்கிவைக்கப்பட்டது.

சரி, நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதா? இங்கேதான் எனக்குச் சிக்கல். ‘மக்கள் பங்களிப்பு’ என்று கணக்கெழுதும்போது பணத்தோடு உடலுழைப்பையும் ரூபாயாக்கிச் சேர்த்தார்கள். நிலமில்லாதவர் மண் சுமந்து போட்ட ரோடு, நிலமுள்ளவரின் நெல் வண்டிக்குப் பயன்பட்டாலும் பேரேட்டில் ஒரே வரிதான்: மக்கள். சுமந்தது யார், அனுபவித்தது யார் என்று பிரிக்காத கணக்கு வெறும் அலட்சியமல்ல. அது ஒரு அரசியல். எட்டாவாவில் வேலை தொடங்கிய அதே 1948-ன் நவம்பர் 4-ல், அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அலகாக ஏற்க மறுத்துப் பேசினார். கிராமத்தை ஒற்றைச் சமுதாயமாகப் பார்த்த கண்ணுக்கு ஊரும் சேரியும் தனித்தனியாகத் தெரியவில்லை; அவருக்குத் தெரிந்தது.

அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் போதும் என்றவர்களுக்கு, 1997 ஜூன் 30 மேலவளவு பதில். தனித்தொகுதியில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டப்படி அதிகாரம் கீழே வந்திருந்தது. சாதி அதை அந்த நாற்காலியில் உட்கார விடவில்லை. ஆகவே பஞ்சாயத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்காலிக்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

திட்டக் குழு 2015-ல் இல்லாமற்போனது. ‘பங்கேற்பு’ என்ற சொல் மட்டும் தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களில் செழிப்பாக இருக்கிறது. அப்படிப்பட்ட மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நானும் நிரப்பியிருக்கிறேன். ‘கூட்டத்துக்கு வந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது, எண்ணிப் போட்டேன். யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் கடைசிவரை ஓரமாக நின்றே கேட்டுட்டுப் போனாங்க என்பதற்குக் கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை.