காற்றைக் கணக்கிட்ட கருவிகள்

சித்திரை, வைகாசித் திங்கள்களில், காலை பத்து மணிக்குமேல், செவ்வாப்பேட்டையின் வெட்டவெளிகளில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு ஒரு காட்சி கிட்டும். பருந்தொன்று சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், வட்டமிட்டு வட்டமிட்டு, சிறு புள்ளியாகத் தோன்றும்வரை உயர்ந்துவிடும். அதனைத் தூக்கிச் செல்வது யாது? வெயிலில் காய்ந்த தரையும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளும் தம்மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று இலேசாகி, ஒரு தூண்போல மேலெழுகிறது. அத்தூணுக்குள் வட்டமிடும் பறவை அதனுடன் சேர்ந்து உயர்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து குளிர்ந்த கடற்காற்று புகுந்ததும் தரையின் சூடு தணியும், தூண்களும் தளர்ந்துவிடும்.

பருந்துக்கு இந்த அறிவு பிறவியிலேயே வாய்த்தது. மனிதனோ கண்ணுக்குப் புலப்படாத காற்றை அறிய ஒவ்வொரு கருவியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடிக் குடுவையில் தொடங்கிக் கையடக்கக் கணிப்பொறிவரை வந்த அந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சின் இல்லாத விமானத்தைக் கிளைடர் என்பர். நாம் சறுக்கு விமானம் எனலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ லிலியெந்தால் 1891 முதல் 1896இல் விபத்தில் உயிர் நீத்தது வரை, தம் கையால் செய்த சிறகுகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தார். முதல் உலகப் போருக்குப்பின், எஞ்சின் பூட்டிய விமானங்களைச் செய்ய ஜெர்மானியருக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்நாட்டு இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை. எஞ்சின் இல்லாமலே பறக்க முனைந்தனர். 1920 முதல் வாசர்குப்பே என்னும் மலையில் ஆண்டுதோறும் போட்டிகள் நிகழ்ந்தன. தடையே ஒரு கலையை வளர்த்தது என்பது வரலாற்றில் அடிக்கடி நாம் காணும் விந்தை.

தொடக்கத்தில் மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றையே அவர்கள் நம்பியிருந்தனர். சமவெளியில் எழும் வெப்பத் தூண்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. வேகமாகச் செல்லும் விமானத்தில் அமர்ந்திருப்பவனுக்குத் தான் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது உடலால் தெளிவாகத் தெரிவதில்லை. மின்தூக்கியில் சென்றவர்கள் இதனை உணர்ந்திருப்பார்கள்: அது கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் வயிறு சொல்லும், சீராக ஏறும்போது ஒன்றும் சொல்லாது. இக்குறையைத் தீர்த்த கருவிக்கு வேரியோமீட்டர் என்று பெயர். பலூன்களில் முன்பே வழங்கிய அதனைச் சறுக்கு விமானத்தில் பொருத்துமாறு அலெக்சாண்டர் லிப்பிஷ் என்ற பொறியாளர் யோசனை கூற, ராபர்ட் குரோன்பெல்டு என்ற விமானி பொருத்திக்கொண்டார். 1929ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைத்தொடர் ஒன்றை ஒட்டிப் பறந்து, 100 கிலோமீட்டரைக் கடந்த முதல் சறுக்கு விமானியும் அவரே.

அக்கருவியின் அமைப்பு மிக எளியது. சூடு புகாத குடுவை ஒன்று. வெந்நீர் வைக்கும் பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளிக்காற்றுக்குச் செல்கிறது. விமானம் உயர்ந்தால் வெளியழுத்தம் குறையும். குடுவைக் காற்று வெளியேறும். தாழ்ந்தால் வெளிக்காற்று உட்புகும். இடையில் ஒரு மெல்லிய தகட்டை வைத்தால், அது எப்பக்கம் தள்ளப்படுகிறது, எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதிலிருந்து நொடிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பது முள்ளில் தெரியும். ஆங்கிலேயர் செய்த ஒருவகைக் கருவியில் முள்ளுக்குப் பதிலாக இரண்டு சிறு பந்துகள் இருந்தன. பச்சைப் பந்து எழும்பினால் ஏற்றம். சிவப்புப் பந்து எழும்பினால் இறக்கம்.

ஏற்றம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி: ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எந்த வேகத்தில் செல்வது? விரைந்து சென்றால் நேரம் மிச்சம். ஆனால் உயரம் மிகுதியாகச் செலவாகும். மெல்லச் சென்றால் உயரம் மிச்சம், நேரம் வீணாகும். அடுத்த சந்தையில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்த வணிகன் கையிலுள்ளதைத் தாராளமாகச் செலவழிக்கலாம். சந்தை மந்தம் என்றால் காசை எண்ணி எண்ணித்தான் எடுக்க வேண்டும். அதுபோலவே, முன்னே வலிய தூண் கிடைக்கும் என்றால் விரைந்து செல். மெலிந்தது என்றால் நிதானமாகச் செல். இதனைக் கணிதமாக்கி, வேரியோமீட்டரைச் சுற்றித் திருகக்கூடிய ஒரு வளையமாக அமைத்தவர் அமெரிக்கரான பால் மக்ரீடி. முள் வளையத்தில் காட்டும் எண்ணே பறக்க வேண்டிய வேகம். 1956இல் பிரான்சு நாட்டில் நடந்த உலகப் போட்டியில் அவரே வாகை சூடினார். பிற்காலத்தில், மனிதன் காலால் மிதித்தே பறக்கும் விமானத்தைச் செய்து 1977இல் பெரும்பரிசு பெற்றவரும் அவர்தாம்.

ஏறத்தாழ இதே காலத்தில் நம் நாட்டிலும் சறுக்கு விமானக் கலை வேரூன்றியது. புனேயில் ஹடப்சர் என்னுமிடத்தில் அரசினர் பயிற்சி நிலையம் அமைந்தது. சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். இராமாமிர்தம் வடிவமைத்த 'அசுவினி' 1958இலும், 'ரோகிணி' 1961இலும் பறந்தன. இரண்டும் இருவர் அமரக்கூடிய மர விமானங்கள். விண்மீன்களின் பெயரைச் சூட்டிய அழகைப் பாருங்கள்! ரோகிணியில் ஆசானும் மாணவனும் தோளோடு தோள் அமர்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ரோகிணிகள் கட்டப்பெற்றன. பயிற்சி விமானி ஒருவனுக்கு முன்னால் வேகமானி, உயரமானி, வேரியோமீட்டர் என விரல்விட்டு எண்ணத்தக்க கருவிகளே இருக்கும். எஞ்சிய கணக்கெல்லாம் அவன் தலைக்குள்ளேதான்.

அந்தக் கணக்கு எளிதன்று. ஒரு மாதிரிக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்செல்லும் விமானம் ஒன்று 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று வீசாவிட்டால் அது 40 கிலோமீட்டர் செல்லும். விமானத்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்; எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கொள்வோம். தரையைப் பொறுத்த வேகம் 75 ஆகிவிடுவதால் 30 கிலோமீட்டரே செல்ல இயலும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 50. விமான நிலையம் 35 கிலோமீட்டரில் இருந்தால், காற்றின் திசையைத் தவறாக மதித்தவன் யாரோ ஒருவருடைய வயலில் இறங்க வேண்டியதுதான். வயல் நல்லதாக அமைந்தால் நலம். மின்கம்பியோ கிணற்றுமேடோ குறுக்கிட்டால் உயிருக்கே கேடு. நீரிழந்து களைத்த உடலோடு, நண்பகல் வெயிலில், ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டே, செல்லுலாய்டு வட்டுகளைத் திருகி இக்கணக்கைச் செய்தார்கள்.

போட்டியில் குறித்த இடத்தைச் சுற்றி வந்ததற்குச் சான்றும் வேண்டுமல்லவா? அதற்காக இறக்கையின் மேலாகத் தரையை நிழற்படம் எடுத்தார்கள். முத்திரையிட்ட பெட்டிக்குள் கரிப்புகை படிந்த உருளை ஒன்று சுழன்று, உயரத்தைக் கோடாகக் கீறி வைத்தது. தரையிறங்கியபின் படச்சுருளைக் கழுவிப் பார்த்துத்தான் வென்றவர் யார் என்று சொல்ல முடிந்தது.

இந்நிலையை மாற்றியவை செயற்கைக் கோள்கள். ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஏற்பாடு 1995இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. 100 மீட்டர்வரை தடுமாறிய இடக்குறிப்பு, பத்து மீட்டர் அளவுக்குத் திருந்தியது. நம் நாடும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் முதல் இடங்காட்டும் கோள் ஏவப்பெற்றது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மாணவர்களுக்கு ஏவூர்திகளின் ஒளித்தடம் புதியதன்று.

இடம் தெரிந்தபின், கணக்கைப் போட ஒரு மூளை வேண்டும். மின்னணுக் கணக்குக் கருவிகள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆனால் விலை மிக அதிகம். 1990களின் இறுதியில் கடைகளில் கையடக்கக் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. முகவரிகளையும் நாட்குறிப்புகளையும் எழுதிவைக்க வணிகர்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. அவற்றை முழங்கால் மீதோ கருவிப் பலகையிலோ பொருத்தி, ஜி.பி.எஸ். கருவியோடு கம்பியால் இணைத்து, நகரும் நிலப்படமாக ஆக்கிக்கொள்ளலாம் என்று கண்டவர்கள் விமானிகளே. 2000இல் வெளிவந்த காம்பாக் நிறுவனத்தின் ஐபேக் அவர்களிடையே பெரிதும் பரவியது. அதற்கு ஒரு காரணம் அதன் திரை. சாதாரணத் திரைகள் வெயிலில் மங்கிப்போகும். ஐபேக்கின் திரையோ வெயிலையே வாங்கித் திருப்பி ஒளிர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை இடைச்செருகலாகச் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தாரும் கூடி, எழுத்தறியாத கிராமத்தாரும் பயன்படுத்தத்தக்க 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கினர். ஐபேக்கினுள் இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம் வகைச் சில்லுதான் இதற்குள்ளும் இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது விற்பனையாகவில்லை. ஆயினும், அந்தச் சில்லைக் கொண்டு உழவனுக்கும் ஒரு கருவி செய்யலாம் என்று நம்மவர் எண்ணியதை நான் சிறிதாகக் கருதமாட்டேன்.

சரி, கணிப்பொறி விமானிக்கு என்ன செய்கிறது? காற்றை அளப்பதையே எடுத்துக்கொள்வோம். விமானம் தூணுக்குள் வட்டமிடும்போது, காற்றோடு செல்லும் பாதி வட்டத்தில் தரைவேகம் கூடும்; எதிர்த்துச் செல்லும் பாதியில் குறையும். மிகுதி 120, குறைவு 80 என்றால், வேற்றுமை 40. அதில் பாதியான 20 காற்றின் வேகம். எப்பக்கம் செல்கையில் வேகம் மிகுந்ததோ அதுவே காற்று செல்லும் திசை. இதனை ஒவ்வொரு வட்டத்திலும் கணிப்பொறி சலிப்பின்றிச் செய்கிறது. பின் மக்ரீடியின் விதியையும், நாம் மேலே போட்ட கணக்கையும் சேர்த்து, "நிலையத்தை அடைந்தபின் கையில் இத்தனை மீட்டர் மிஞ்சும்" என்றோ "இத்தனை மீட்டர் போதாது" என்றோ ஒரே எண்ணாகக் காட்டிவிடுகிறது. கவனியுங்கள்: கணிப்பொறி புதிய விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. விதிகளை மனிதர் பென்சிலால் முன்பே எழுதி முடித்திருந்தனர்.

எக்ஸ்சிசோர் என்னும் செயல்நிரலின் கதை சுவையானது. பிரிட்டனில் ஒருவர் அதனை எழுதி விற்றுவந்தார். தொடர்ந்து பேண இயலாத நிலை வந்தபோது, 2004இன் இறுதியில், அதன் மூல வரிகளை யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளித்து வெளியிட்டுவிட்டார். பல நாட்டு விமானிகள் அதனை வளர்த்தனர். பிற்பாடு அது கைப்பேசிகளிலும், வெயிலில் அச்சுத்தாள்போலத் துலங்கும் மின்நூல் வாசிப்பான்களிலும் ஓடத் தொடங்கியது. செயல்நிரலுக்கு விலையில்லை. விமானமே இல்லாதவனும் வீட்டுக் கணிப்பொறியில் அதனை ஒத்திகை முறையில் இயக்கிப் பார்க்கலாம். கணிதமும் இயற்பியலும் பயிலும் கல்லூரி மாணவர்கள் அதன் வரிகளைத் திறந்து, மக்ரீடியின் விதி எந்த இடத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இதில் ஓர் இடரும் உண்டு. ஒரே வெப்பத் தூணில் பல விமானங்கள் நெருங்கி வட்டமிடும். அப்போது திரையில் கண் பதித்தவன் பக்கத்து விமானத்தைக் காணத் தவறுவான். விமானங்கள் ஒன்றுக்கொன்று தம் நிலையை அறிவித்து எச்சரிக்கும் கருவி 2004 அளவில் சுவிட்சர்லாந்தில் தோன்றியதற்குக் காரணம் இத்தகைய மோதல்களே. ஆசான்கள் மாணவர்களுக்கு முதலில் கற்பிப்பது இன்றும் வெளியே பார்த்துப் பறக்கத்தான். பயிற்சியின் தொடக்கத்தில் கருவிகளை மூடிவைத்துப் பறக்கச் சொல்பவர்களும் உண்டு. மின்கலம் தீர்ந்தாலும் திரை அணைந்தாலும் வேகமானியும் உயரமானியும் தொடர்ந்து உழைக்கும். அவற்றுக்குக் காற்றழுத்தமே போதும்.

விலை மிகுந்த கணிப்பொறிகள் பொருத்திய விமானத்திலும், விமானியின் முன்னுள்ள கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறத்தில் விரல் நீளக் கம்பளி நூல் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். விமானம் நேராகக் காற்றைக் கிழித்துச் சென்றால் நூல் நேராகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் வழுக்கினால் நூலும் சாயும். அதற்கு மின்கலமும் வேண்டாம், செயல்நிரலும் வேண்டாம். எழுதுகோல் முனையில் ஒரு நூலை ஒட்டி, மின்விசிறியின் முன்னால் மெல்லத் திருப்பிப் பார்த்தால், அது காட்டும் செய்தியை நீங்களே படித்துக்கொள்ளலாம்.